தினமும் இரவில் அடுப்பு எரிய வேண்டுமா?

உயர்நிலை மாணவர்களின் வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் அடிக்கடி தலைகாட்டும் தலைப்புகளில் உணவும் குடும்பமும் ஒன்று. “உங்க வீட்ல தினமும் ராத்திரி சமைப்பாங்களா? அது அவசியம்னு நினைக்கிறீங்களா?” என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு வகைப் பதில்களே வருகின்றன. ஒன்று: “வீட்டுச் சாப்பாடுதான் உடம்புக்கு நல்லது. கடைச் சாப்பாடு கெடுதல்.” மற்றொன்று: “இப்ப எல்லாருக்கும் நேரம் இல்ல. அதனால வெளியில வாங்கிச் சாப்பிடலாம்.”

இரண்டு பதில்களும் தவறல்ல. ஆனால் இரண்டும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. தேர்வாளர் “ஏன் அப்படிச் சொல்றீங்க?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் மாணவர் தடுமாறுகிறார். கட்டுரையிலும் இதே நிலைதான். இரண்டு பத்தி எழுதியதும் கருத்து வற்றிப்போகிறது.

காரணம், அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. தினமும் சமைக்க வேண்டுமா? தினமும் சத்தாகச் சாப்பிட வேண்டுமா? தினமும் சேர்ந்து சாப்பிட வேண்டுமா? இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வாதம் நகர மறுக்கிறது. இக்கட்டுரையில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுகள் சிங்கப்பூர்க் குடும்பங்களை ஒட்டியவை. மலேசிய ஆசிரியர்கள் தங்கள் ஊர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

“அந்தக் காலத்துல தினமும் சமைச்சாங்க. இப்பதான் சோம்பேறித்தனம்” என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் காலத்தில் ஏன் தினமும் சமைத்தார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். காலையில் அடுப்பு மூட்டி நிதானமாகச் சமைக்க நேரம் கிடையாது. மாலையில்தான் வீடு கூடும். அப்போது சுடச்சுடச் சோறு வடிப்பார்கள், குழம்பு வைப்பார்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது ஆகிவிடும். தமிழ்நாட்டு உழவர் வீடுகளிலும் இதே வழக்கம் இருந்தது.

அன்றைய நிலையில் இரவுச் சமையலுக்கு மூன்று வலுவான காரணங்கள் இருந்தன. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. எனவே நேற்றைய குழம்பு இன்று தாங்காது. பக்கத்தில் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் உணவுக்கடை இல்லை. உடல் உழைப்பு கடுமையாக இருந்ததால் நாளுக்கு ஒருவேளையாவது வயிறு நிறையச் சூடான சோறு வேண்டும். ஆக, தினமும் சமைத்தது பண்பாடு என்பதோடு, வேறு வழியில்லாத தேவையும்கூட.

இன்று முதல் இரண்டு காரணங்கள் சிங்கப்பூரில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. குளிர்பதனப் பெட்டி ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே இறங்கினால் காப்பிக்கடையோ உணவங்காடி நிலையமோ இருக்கிறது. தெருவோர வியாபாரிகளை 1970களிலும் 1980களிலும் அரசாங்கம் படிப்படியாகக் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் உள்ள நிலையங்களுக்கு மாற்றியது. இன்று தீவு முழுவதும் 100க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அந்த அங்கீகாரம் அங்குள்ள உணவுகளுக்கு மட்டும் கிடைத்ததன்று. பல இனத்தவர் ஒரே இடத்தில் கூடிச் சாப்பிடும் வழக்கத்துக்கும் கிடைத்தது. மாணவர்கள் இதைக் கட்டுரையில் குறிப்பிடலாம்.

குடும்பங்கள் உணவுக்குச் செலவிடும் பணத்தில் பாதிக்கும் மேல் வெளியே சமைத்த உணவுக்கே போகிறது என்பது புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவு ஆய்வுகளில் தெரிகிறது. “சிங்கப்பூரர்கள் தினமும் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள்” என்று எழுதினால் அது நம் ஊர் நிலைக்குப் பொருந்தாது.

2. சமையல் என்பது எத்தனை வேலை?

“அம்மா சமைத்தார்” என்பது இரண்டு சொல் வாக்கியம். அதற்குள் இருக்கும் வேலைகளை வகுப்பில் ஒரு பட்டியலாகப் போடச் சொல்லுங்கள். என்ன சமைப்பது என்று யோசிப்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, ஈரச்சந்தைக்கோ பேரங்காடிக்கோ போய் வாங்குவது, தூக்கி வருவது, கழுவுவது, நறுக்குவது, அரைப்பது, அடுப்பில் வைத்துக் கிளறுவது, பரிமாறுவது, பாத்திரம் தேய்ப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது, அடுப்பைத் துடைப்பது. பன்னிரண்டு வேலைகள். அடுப்பில் நடப்பது அவற்றில் ஒன்றுதான்.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் இரவுச் சமையலுக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 7 நாளைக்குப் பத்தரை மணி நேரம். அதாவது வாரத்துக்கு ஒரு முழு வேலைநாளைவிட அதிகம். இந்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து போகிறது என்பதுதான் இந்தத் தலைப்பின் மையம்.

சிங்கப்பூர்வாசிகளான பெண்களில் 62 விழுக்காட்டுக்கும் மேலானோர் 2023இல் ஊழியரணியில் இருந்தனர். ஆறரை மணிக்கு அலுவலகத்தை விட்டுப் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைபவர் எட்டரை மணிக்குச் சாப்பாடு போட வேண்டும் என்றால், அவர் உட்காரும் நேரம் ஒன்பதரை. “எங்கம்மாவுக்குச் சமைக்கிறது ரொம்பப் பிடிக்கும்” என்று மாணவர் எழுதலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். வாரத்துக்கு 7 நாளும் பிடிக்குமா என்று கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஏறத்தாழ 3 லட்சம் இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். பல வீடுகளில் இரவுச் சமையல் அவர்கள் கையில்தான். “எங்க வீட்ல தினமும் சமைக்கிறோம்” என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் ‘சமைக்கிறோம்’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வார ஓய்வுநாள் விதி 2013இல் நடப்புக்கு வந்தது. ஓய்வுநாளுக்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்து ஈடுகட்டும் வழக்கம் இருந்ததால், மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி ஈடுகட்ட முடியாது என்று 2023 ஜனவரியிலிருந்து விதி கடுமையானது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவில் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், குடும்பத்தில் யாருக்குச் சமைக்கத் தெரியும் என்பதும் தெரிந்துவிடும்.

3. வீட்டில் சமைத்தால் சத்தானதா?

இதுதான் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம். ‘வீட்டுச் சாப்பாடு நல்லது, கடைச் சாப்பாடு கெட்டது’ என்பது பாதி உண்மை.

உப்பைப் பார்ப்போம். ஒருவர் நாளுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறக்குறைய 5 கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டி அளவு. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சராசரி அளவு 3,620 மில்லிகிராம். பரிந்துரையைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வளர்ந்த நமக்கு இது யோசிக்க வேண்டிய எண்.

இந்த உப்பில் ஒரு பகுதி கடைக் குழம்பிலும் சூப்பிலும் சாஸிலும் வருகிறது. உண்மைதான். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டல நூடல்ஸ் எல்லாம் வீட்டு மேசையில்தானே இருக்கின்றன? கடையில் “குழம்பு கொஞ்சமா ஊத்துங்க” என்று சொல்லி வாங்கும் சாப்பாட்டில் உப்பு குறையும். வீட்டில் ஊறுகாயைத் தாராளமாக வைத்துச் சாப்பிட்டால் உப்பு கூடும். சமைத்த இடத்தைவிடத் தட்டில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

அதைச் சோதிக்க எளிய அளவுகோல் இருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஆரோக்கியத் தட்டு’ என்னும் படம் பள்ளி உணவகச் சுவர்களில் மாணவர்கள் பார்த்திருக்கக்கூடிய ஒன்று. தட்டில் பாதி காய்கறியும் பழமும்; கால் பங்கு முழுதானியம்; கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, இறைச்சி போன்ற புரதம். நம் வீட்டுத் தட்டை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? முக்கால் பங்கு வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். சுடச்சுடச் சமைத்ததுதான், அன்போடு பரிமாறியதுதான். ஆனாலும் அளவு சரியில்லை. 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று சுகாதார அமைச்சு அறிவித்தபோது நம் சமூகம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், சீனர்களைவிட இந்தியர்களிடையே அந்நோய் அதிகம் காணப்படுவதுதான்.

வீட்டுச் சமையலுக்கு ஓர் உண்மையான நன்மை உண்டு. எண்ணெய், உப்பு, சர்க்கரை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால்தான் நன்மை. “வீட்ல செஞ்சது” என்பதாலேயே எண்ணெய் குறைந்துவிடாது.

4. பணக் கணக்கு

நான்கு பேர் உள்ள குடும்பம் உணவங்காடி நிலையத்தில் ஆளுக்கு 5 வெள்ளிக்குச் சாப்பிட்டால் ஓர் இரவுக்கு 20 வெள்ளி. 30 நாளுக்கு 600 வெள்ளி. பானம் சேர்த்தால் இன்னும் கூடும். அதே நான்கு பேருக்குச் சோறு, பருப்பு, ஒரு காய், முட்டை என்று வீட்டில் செய்தால் பொருள்செலவு இதைவிடக் கணிசமாகக் குறையும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு வீட்டுச் சமையல் விருப்பமன்று, தேவை. இதை மறந்துவிட்டு “எல்லாரும் வெளியில சாப்பிட்டுக்கலாம்” என்று எழுதுவது பொறுப்பற்ற வாதம்.

மறுபக்கம், தனியாக வாழும் முதியவருக்கோ இருவர் மட்டுமே உள்ள வீட்டுக்கோ கணக்கு மாறுகிறது. ஒரு கட்டுக் கீரை, அரைக் கிலோ மீன், ஒரு பொட்டலம் தேங்காய்ப்பால் வாங்கினால் பாதி வீணாகும். அவர்களுக்குச் சில நாளில் கடையில் ஒரு தட்டு வாங்குவதே மலிவு. ஆகவே ‘அவசியமா?’ என்ற கேள்விக்கு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே விடை கிடையாது. எத்தனை பேர், எவ்வளவு வருமானம், யாருக்கு எந்த நேர வேலை என்பதைப் பொறுத்து விடை மாறும். இப்படிச் சூழலைச் சொல்லி வாதிடும் கட்டுரை படிப்பவருக்கு நம்பிக்கை தரும்.

5. ஒருநாள் சமைத்து இருநாள் சாப்பிடுவது

“தினமும் சமைக்கலைன்னா தினமும் கடையா?” என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நடுவே நல்ல வழிகள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாரைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, பாதியை அன்றே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் திங்கட்கிழமை இரவுக்குச் சோறு மட்டும் வைத்தால் போதும். தோசையை மட்டும் கடையில் வாங்கி, வீட்டில் இருக்கும் சாம்பாரோடு சாப்பிடலாம். கோழிச் சோறு வாங்கி வந்து, வெள்ளரிக்காய், தக்காளி, கேரட்டை வீட்டில் நறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு பழம், ஒரு கோப்பைத் தயிர் என்று எளிமையாகவும் முடிக்கலாம். தயிர்ச்சோறும் ஒரு துண்டு வாழைப்பழமும் ஏழைச் சாப்பாடு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்துக்கு இப்படி அமைக்கலாம்:

ஞாயிறு: எல்லாரும் சேர்ந்து சமைப்பது. சாம்பார், கோழிக்குழம்பு, பொரியல். ஒரு பகுதியை எடுத்து வைப்பது.
திங்கள்: புதிதாகச் சோறு, நேற்றைய சாம்பார், நறுக்கிய காய்.
செவ்வாய்: கடைத் தோசை, மீதமுள்ள கோழிக்குழம்பு, பழம்.
புதன்: சமைப்பது. கீரை, மீன், ரசம்.
வியாழன்: ரொட்டி, முட்டை, பழம்.
வெள்ளி: சமைப்பது. சைவச் சாப்பாடு.
சனி: குடும்பமாக உணவங்காடி நிலையம்.

முழுச் சமையல் 3 நாள். ஆனால் 7 நாளும் இரவுச் சாப்பாடு இருக்கிறது.

இந்த முறையில் ஒரு எச்சரிக்கை தேவை. மிச்ச உணவை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர்ச் சமையலறையின் சாதாரண வெப்பம் அதற்குள்தான் இருக்கிறது. சமைத்ததை மேசைமேல் இரவு முழுவதும் மூடி வைப்பது பாதுகாப்பன்று. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிரூட்ட வேண்டும். மறுபடி எடுக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரி வரும்வரை நன்றாகச் சூடாக்க வேண்டும்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாகாமல் தப்பக்கூடியவை. வெந்த சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒருவகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. “நல்லா சுட வெச்சுட்டேனே!” என்பது இங்கே உதவாது. ஆகவே மிச்சச் சோற்றை உடனே குளிரூட்டி மறுநாளே முடித்துவிட வேண்டும். அல்லது சோற்றை மட்டும் அன்றன்று வைத்துக்கொள்ளலாம். மின்பானை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

6. சேர்ந்து சாப்பிடுவதும் சமைப்பதும் ஒன்றா?

ஒரு வீட்டின் இரவு உரையாடலைக் கற்பனை செய்துகொள்வோம்.

“கண்ணா, சாப்பாடு ஆறிப்போகுது, வாப்பா.”
“வெச்சிருங்கம்மா, அப்புறம் சாப்பிடுறேன்.”
“அப்பா எங்க?”
“அப்பா வர்றதுக்குப் பத்தரை ஆகும்னு சொன்னாரு. அக்கா துணைப்பாட வகுப்புல இருக்கா.”
“சரி, பாட்டிக்கு மட்டும் போடுறேன்.”

இந்த வீட்டில் சமையல் நடந்திருக்கிறது. சோறு, குழம்பு, இரண்டு காய் எல்லாம் இருக்கின்றன. பாட்டி ஏழரைக்குச் சாப்பிடுகிறார், மகன் ஒன்பது மணிக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான், மகள் ஒன்பதரைக்கு, அப்பா பத்தரைக்கு. அம்மா கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பார். தினமும் சமைத்தும் இந்தக் குடும்பம் ஒருநாள்கூடச் சேர்ந்து சாப்பிடவில்லை.

சிங்கப்பூரில் பள்ளித் தவணை முடியும் வெள்ளிக்கிழமைகளை ‘குடும்பத்தோடு சாப்பிடும் நாள்’ என்று கடைப்பிடிக்கும் இயக்கம் ஒன்று உண்டு. அன்று ஊழியர்களை மாலை 5 மணிக்கே வீட்டுக்கு அனுப்பும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நாளின் பெயரைக் கவனியுங்கள். அதில் ‘சமை’ என்ற வினை இல்லை. ‘சாப்பிடு’ என்ற வினைதான் இருக்கிறது. கேட்பதும் நேரத்தைத்தான். குடும்பம் மேசையைச் சுற்றி உட்காரத் தடையாக இருப்பது பெரும்பாலும் நேர அட்டவணை. அலுவலகம், இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு, சுழல்நேர வேலை. இவற்றைச் சரிசெய்யாமல் சமையலைக் கூட்டினால் ஒருவருடைய வேலை மட்டும் கூடும்.

7. எதிர்த்தரப்புக்கும் வலு உண்டு

தினமும் சமைக்க வேண்டும் என்போரின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மென்மையான உணவு தேவைப்படும் முதியவர், உப்பைக் கட்டுப்படுத்த வேண்டிய நோயாளி, சிறு குழந்தை இருக்கும் வீடுகளில் கடை உணவு பல நேரம் பொருந்தாது. விரத நாள், புரட்டாசிச் சனி, வெள்ளிக்கிழமைச் சைவம் என்று நியமம் காப்பவர்களுக்குத் தங்கள் அடுப்பின் மேல்தான் நம்பிக்கை.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இன்னொரு காரணமும் பெரிது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம். தமிழ் 28 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட வீடுகளிலும் தமிழ் மிஞ்சியிருக்கும் இடங்களில் சமையலறை ஒன்று. தாளிப்பது, வதக்குவது, வறுப்பது, பொரிப்பது, வேகவைப்பது, வடிப்பது, அரைப்பது, கிண்டுவது, கிளறுவது, அவிப்பது. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு செயல். வறுப்பதற்கும் பொரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அகராதியைவிட வாணலி விரைவாகக் கற்றுத் தரும். “கடுகு வெடிக்கட்டும், அப்புறம் கறிவேப்பிலை போடு” என்ற ஒரு வாக்கியத்தில் ஏவலும் வியங்கோளும் அடங்கியிருக்கின்றன. எல்லா இரவும் அடுப்பு அணைந்தே இருந்தால் இந்தச் சொற்களும் மெல்ல அணைந்துவிடும்.

ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை சமையலறைக்குள் நிற்க வேண்டும். அம்மா உள்ளே தனியாகச் சமைக்க, பிள்ளை அறைக்குள் இருந்தால் 7 நாள் சமைத்தாலும் ஒரு சொல்கூடக் கைமாறாது. வாரத்தில் 2 நாள் பிள்ளைகள், அப்பா, தாத்தா எல்லாரும் கைகொடுத்துச் சமைத்தால் சொல்லும் கைப்பக்குவமும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

8. அப்படியானால் விடை என்ன?

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வோர் இரவும் சத்தான சாப்பாடு அவசியம். அது ஒவ்வோர் இரவும் புதிதாகச் சமைத்ததாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாரத்தில் சில இரவுகள் சமைப்பது நல்லது. அந்த இரவுகளில் வேலையைப் பகிர்ந்துகொள்வது அதைவிட முக்கியம். முடிந்தவரை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மேசையில் இருப்பது வீட்டுக் குழம்பா, கட்டி வாங்கிவந்த மீ கோரெங்கா என்பது அடுத்த கேள்விதான்.

சமைப்பவரின் களைப்பையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு சொல்லும் விடை இது. “அம்மா சமைக்கணும்” என்று தொடங்கும் வாக்கியத்தை “வீட்ல எல்லாரும்” என்று தொடங்கிப் பாருங்கள். கட்டுரையின் போக்கே மாறிவிடும்.

9. தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

வாய்மொழித் தேர்வில் பேச்சுத்தமிழ் இயல்பாக வர வேண்டும். கட்டுரையில் எழுத்துத்தமிழ் வேண்டும். ஒரே கருத்தை இருவிதமாகச் சொல்லிப் பழகுங்கள்.

பேச்சில்: “தினமும் சமைக்கணும்னு அவசியம் இல்லைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா, எங்க வீட்ல அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. வாரத்துல மூணு நாள் சமைச்சா போதும். மத்த நாள்ல மிச்சத்தச் சூடு பண்ணிச் சாப்பிடலாம். ஆனா எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும். அதுதான் முக்கியம்.”

எழுத்தில்: “பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களில் நாள்தோறும் சமைப்பது ஒருவர்மீது பெருஞ்சுமையாக விழுகிறது. வாரத்தில் மூன்று நாள் சமைத்து, அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் உடல்நலமும் நேரமும் காக்கப்படும். உணவு எங்கே சமைக்கப்பட்டது என்பதைவிட, குடும்பத்தினர் ஒன்றுகூடி உண்பதே உறவை வளர்க்கும்.”

கருத்தை விரிவாக்க ஐந்து சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நேரம், உழைப்பு, உடல்நலம், செலவு, உறவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஓர் எடுத்துக்காட்டும் சொன்னாலே இரண்டு பக்கக் கட்டுரை தயார். எதிர்த்தரப்பின் ஒரு கருத்தையாவது ஏற்றுக்கொண்டு பதில் எழுதுங்கள். அதற்கு ஏழாம் பகுதி உதவும்.

வகுப்பில் கலந்துரையாட:

அ. உங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கான பன்னிரண்டு வேலைகளில் யார் எத்தனை செய்கிறார்கள்? அட்டவணை போடுங்கள்.

ஆ. கடந்த வாரத்தில் எத்தனை இரவுகள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? முடியாத நாள்களில் தடை எது?

இ. வருமானம் குறைந்த குடும்பம், தனியாக வாழும் முதியவர், இரவு வேலை பார்க்கும் பெற்றோர் ஆகிய மூவருக்கும் ஒரே விடை பொருந்துமா? காரணம் கூறுங்கள்.

ஈ. இந்த வாரம் ஏதேனும் ஓர் இரவு சமையலறையில் அரைமணி நேரம் உதவி செய்யுங்கள். அங்கே காதில் விழுந்த பத்துத் தமிழ் வினைச்சொற்களை எழுதி வாருங்கள்.

நான்காவது பணியை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுத்தாலும் போதும். முதல் மூன்று கேள்விகளுக்கான விடை பலருக்கு அந்த அரைமணி நேரத்திலேயே கிடைத்துவிடும்.